எல்ஸ்பெத் பிரித்த தையல்

கீத் ஊரில் எல்ஸ்பெத் கெட்டஸைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர்கள் குறைவு. ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடையான கில்ட் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பகைவர்களும் ஒப்புக்கொள்வார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. விஸ்கி ஆலையின் பேக்பைப் வாத்தியக் குழுவினர் இடுப்பில் உடுத்தியதெல்லாம் அவள் கைத்தையல்தான். துணியை ஆலை கொடுத்தது. தையலுக்கு அவள் கூலி கேட்டதில்லை. கணவன் டூகி அந்தக் குழுவில் மத்தளம் அடித்தான்.

பச்சையும் செம்புநிறமும் கலந்த அந்தத் துணியின் கட்டக்கோலம் ஆலையின் பெயரில் பதிவானது. ஆலையைக் கேட்காமல் யாரும் நெய்யக் கூடாது, உடுத்தக் கூடாது.

வசந்தத்தில் பாட்டில் நிரப்பும் கூடத்தை மூடினார்கள். அங்கே உழைத்த குழுவினர் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. கில்ட்டெல்லாம் எல்ஸ்பெத்தின் பெட்டியில்தான் இருந்தன. ஊர் விளையாட்டு விழா நெருங்கியபோது ஆலை அதிகாரி ரோரி லெகட் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"கில்ட்டெல்லாம் திருப்பித் தரணும், எல்ஸ்பெத். எங்க கட்டத்தை எங்க ஆளுங்கதான் உடுத்தலாம். சனிக்கிழமை புதுக் குழு அதுல ஊர்வலம் போகுது."

"யாரு புதுக் குழு?"

"கிளாஸ்கோலேருந்து கூலிக்கு வாசிக்கிறவங்க."

"அப்ப டூகி?"

"வேடிக்கை பாக்கட்டும். யாரு தடுத்தா?"

உள்ளேயிருந்து டூகி, "குடுத்துத் தொலை. கோர்ட்டுக்குப் போனா வீடே போயிடும்" என்றான்.

"நீ வாயை மூடு. முதுகெலும்புன்னு ஒண்ணு இருந்தா நீ ஏன் மத்தளத்துக்குப் பின்னாடி ஒளிஞ்ச?" லெகட் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை வா. தர்றேன்."

எல்ஸ்பெத் உடனே சம்மதித்தால் பயப்பட வேண்டும் என்பது கீத்தில் குழந்தைக்கும் தெரியும். லெகட் வளர்ந்தது வேறு ஊரில், எல்கினில்.

வெள்ளிக்கிழமை மேசைமேல் கில்ட் எதுவும் இல்லை. நீள நீளமாகத் துணிகள் கிடந்தன. மடிப்பின் தடம்கூடத் தெரியாமல் இஸ்திரி போட்டவை. வாரும் கொக்கியும் ஒரு பிஸ்கட் டின்னில்.

"என்ன இது?"

"உங்க கட்டம். இழை குறையல."

"கில்ட் எங்கே?"

"அது என் தையல்ல இருந்துச்சு. அதை நான் எடுத்துக்கிட்டேன்."

"நாளைக்கு ஊர்வலம் இருக்கு."

"போத்திக்கிட்டுப் போகட்டும். குளிருக்கு ஆகும்."

"வழக்குப் போடுவோம்."

"போடு. எந்த நூலைத் திருடினேன்னு எழுதுவ?"

சனிக்கிழமை மழைத் தூறலில் கூலிக்குழு கறுப்புக் கால்சட்டையில் நடந்தது. எல்ஸ்பெத் கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். அருகில் நின்ற டூகி காலையிலிருந்து அவளிடம் பேசவில்லை. பிரித்தவற்றில் அவனுடையதும் ஒன்று. அவனைக் கேட்காமலே பிரித்திருந்தாள்.

மத்தளக்காரன் கடந்து போனான்.

"நம்மள விட நல்லாவே வாசிக்கிறாங்க" என்றான் டூகி, அவள் காதில் விழும்படி.