கிணற்றுக்குள் கெட்ட காற்று

கிணற்றில் பம்பு பூட்டுகிறவனுக்கு இரும்பைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். காற்றைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அது முப்பதுகள். பைக்காரா கரண்டு கோயமுத்தூர் மில்களுக்கு வந்துவிட்டது. கம்பி எட்டாத தோட்டங்கள் இன்னும் எவ்வளவோ இருந்தன. மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்களில் கையில் வசதி உள்ளவர்கள் ஆயில் எஞ்சினுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். சிங்காநல்லூரில் நான் இருந்த பட்டறையிலிருந்து அந்த எஞ்சின்களைக் கொண்டுபோய்ப் பூட்டுவதும், கெட்டுப்போனால் போய்ப் பார்ப்பதும் என் வேலை. கூட வருகிறவன் மாரப்பன். நான் உள்ளே இறங்கினால் அவன் மேலே கயிறு பிடிப்பான். அவன் இறங்கினால் நான் பிடிப்பேன். கிணறு, குழி, தொட்டி என்று இறங்கிப் பிழைக்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அணைந்த லாந்தர்

இருகூர்ப் பக்கம் ஒரு கவுண்டர் தோட்டத்துக் கிணறு. பங்காளித் தகராறில் பல வருஷமாக இறைக்காமல் கிடந்தது. தகராறு தீர்ந்ததும் கவுண்டர் எஞ்சின் வாங்கிவிட்டார். பம்பு ஓடுவதைப் பார்க்கச் சொந்தபந்தம் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது. சமையல் வேறு நடந்துகொண்டிருந்தது.

உள்ளே காற்று எப்படி என்று பார்க்க, மாரப்பன் வழக்கம்போல லாந்தரைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்கினான். பாதி ஆழம் போவதற்குள் அணைந்துவிட்டது. எடுத்துத் திரும்பக் கொளுத்தி இறக்கினான். அதே இடத்தில் மறுபடியும் அணைந்தது. “இன்னைக்கு எறங்க முடியாதுங்க” என்று சொல்லிவிட்டோம். வேப்பந்தழையைக் கட்டுக் கட்டாகக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் விட்டு மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலக்கினோம். குடம் குடமாக மேலிருந்து தண்ணீர் ஊற்றினோம். சாயங்காலம் வரைக்கும் இதே வேலை. மறுநாள்தான் விளக்கு அடிவரை நின்று எரிந்தது. அதற்குள் விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கவுண்டருக்கு அவமானம் தாங்கவில்லை. மரியாதை மட்டும் குறையாமல் கேட்டார்: “ஏனுங்க மேஸ்திரி, நீங்க பம்பு பூட்ட வந்தீங்களா, எங்க கிணத்துக்குப் பேயோட்ட வந்தீங்களா?”

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்

தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து, எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று ஆள் வந்தது. போனோம். கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டதால், கிணற்றுக்குள் பாறையைச் செதுக்கி மேடை போட்டு எஞ்சினை அதில் வைத்திருந்தார்கள். வேறு யாரோ பூட்டியது. வீட்டு முன்னால் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

மாரப்பன் லாந்தரை இறக்கினான். நன்றாக எரிந்தது. நான் இறங்கக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் என் தோளைத் தட்டிக் கீழே காட்டினான். எஞ்சினின் புகைக்குழாய் வெளியே வரவில்லை. அதன் வாய் கிணற்றுக்குள்ளேயே திறந்து கிடந்தது. அந்தப் புகை விளக்கை ஒன்றும் செய்யாது. மூச்சு விடுகிற ஆளைத்தான் தூங்க வைத்துவிடும்.

கூப்பிட்டு அனுப்பியது வீட்டுக்காரரின் தம்பி. “எஞ்சின்ல என்னங்க கோளாறு?” என்று அவரைக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எண்ணெய் ஊற்ற இறங்கிய அண்ணன் உயிரோடு மேலே வரவில்லை; பார்க்கப் போன பண்ணையாளும் வரவில்லை. இதை அவர் சொல்லி முடிப்பதற்குள், உள்ளேயிருந்து அண்ணன் மனைவி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுது அழுது குரல் போயிருந்தது.

“எஞ்சினுக்கு ஒரு கோளாறும் இல்லீங்க. அவங்க ரெண்டு பேரும் கீழ கெடந்தப்பவும், எண்ணெய் தீர்ற வரைக்கும் அது பாட்டுக்கு நல்லாத்தானுங்க ஓடிட்டிருந்துச்சு. அதைய மேல எடுத்து எங்காச்சும் கொண்டு போயிருங்க.”

சோளக்குழி

பவானிக்குப் போகும் வழியில் ஒரு களத்துமேட்டில் கூட்டமும் கூச்சலுமாக இருந்தது. வண்டியை நிறுத்தி ஓடினோம். மண்ணுக்குள் சோளம் கொட்டி மூடி வைத்திருந்த குழியைத் திறந்திருக்கிறார்கள். திறந்த சூட்டோடு சூடாகப் பொன்னாத்தா என்கிற கூலிக்காரி கூடையோடு இறங்கியிருக்கிறாள். தானியம் மூடிய குழிக்குள் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சரிந்து விழுந்துவிட்டாள். அவள் புருஷன் சின்னான் குதிக்கப் போனான்.

மாரப்பன் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். சின்னான் அவன் கையைக் கடித்தான். ரத்தம் வந்தது, மாரப்பன் விடவில்லை. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியை நான் கேட்டு வாங்கி, கயிற்றில் விட்டுச் சேலைக் கட்டில் மாட்டினேன். நாலு பேராக மேலே இழுத்தோம். முகத்தில் தண்ணீர் அடித்தோம், முண்டாசால் வீசினோம். உயிர் இல்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு யாரோ ஒரு அம்மாள் ஓரமாக நின்றாள். அது பொன்னாத்தாளின் குழந்தை.

அடுத்த வருஷம் பவானிச் சந்தையில் சின்னானைப் பார்த்தோம். குழந்தை அவன் தோளில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தது. பேசாமல் போய்விடலாம் என்று திரும்பினோம். அவனே வந்து மாரப்பன் கையைப் பிடித்து, பல் பட்ட தழும்பைத் தடவிப் பார்த்தான். “அன்னைக்கு உங்க ரெண்டு பேரையும் சபிச்சனுங்க. ராத்திரி ஆனா இப்பவும் சபிக்கறனுங்க. விடிஞ்சா இந்தக் கண்ணுக்குச் சோறூட்ட ஒரு ஆளு இருக்குதுன்னு நெனைச்சுக்கறனுங்க.”

நாற்றம் நின்றபோது

ஒரு மில்லில் கக்கூஸ் தொட்டி நிறைந்துவிட்டது. இறைக்கப் பம்பு வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் போனபோது பம்பின் குழாய் வாயில் துணியும் சாக்கும் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, முதலில் ஆளை இறக்கிக் கிளறிவிட ஏற்பாடாகியிருந்தது. இறங்க நின்றவன் நஞ்சன். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தயாராக இருந்தான். மூடியைத் திறந்து நாள் முழுக்கக் காற்றாட விட வேண்டும் என்றோம். சூப்பர்வைசருக்குப் பொறுமை இல்லை. சரி, கயிறாவது கட்டுங்கள் என்றோம். கட்டினால் மறுமுனையை யார் பிடிப்பது? மில் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நஞ்சன் இடுப்பில் கட்டின கயிறு, தொட்டால் தீட்டு. மாரப்பன் போய்க் கயிற்றை எடுத்து நஞ்சனின் இடுப்பிலும் தோளிலும் சுற்றி முடிந்தான். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டான்.

உள்ளே போன கொஞ்ச நேரத்தில் நஞ்சன் குரல் கேட்டது: “இப்ப நாத்தமே இல்லீங்க சாமி!” சூப்பர்வைசர் சிரித்தார். அடுத்த நொடி மாரப்பன் கையில் கயிறு கனத்தது. தோழர்களே, அந்த இடத்தில் நாற்றம் நின்றால் தொட்டி சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நம் மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். நானும் பிடித்து இழுத்தேன். வேடிக்கை பார்த்த ஒருவனும் கிட்டே வரவில்லை.

வேப்பமரத்தடியில் போட்டு விசிறினோம். வெகுநேரம் கழித்து வாந்தி எடுத்து, கண்ணைத் திறந்தான். கயிறு அழுந்திய தடம் அவன் மார்பில் சிவந்திருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் அழுதான். “எங்கண்ணன் போன வருசம் இதே மாதிரித் தொட்டியிலதானுங்க செத்துப்போட்டான். அவனுக்குக் கவுறே கட்டலீங்க சாமி.”

மாமனார் ஊர்க் கிணறு

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

நோம்பி கொண்டாட மாரப்பன் மாமனார் ஊருக்குப் போயிருந்தான். பாழுங்கிணற்றில் ஆட்டுக்குட்டி ஒன்று விழுந்துவிட்டது. அதை எடுக்க அவன் மச்சான் இறங்கினான். பேச்சுமூச்சு இல்லை. ஊரே சுற்றி நின்று கத்தியது. மாரப்பன் ஓடிவந்தான். லாந்தர் கேட்டானாம். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். கயிறு கேட்டானாம். அதுவும் வர வேண்டும். அதற்குள் இறங்கிவிட்டான்.

எனக்குச் செய்தி கிடைத்து, பஸ் பிடித்துப் போனபோது இரண்டு உடம்பையும் எடுத்திருந்தார்கள். பாதாளக் கரண்டிக்காக ஆள் அனுப்பிக் காத்திருந்தார்களாம். அவன் கையைப் பார்த்தேன். சின்னானின் பல் தழும்பைத் தேடி என் கண் போனது. பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் மனைவி செல்லம்மாள் என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். என்னை அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

“கவுறு வரட்டும், லாந்தர் வரட்டும்னுதானுங்கண்ணா நின்னாங்க. நாந்தான் எந்தம்பி சாகறான், எறங்குங்க மாமான்னு நெஞ்சுல அடிச்சுட்டு அழுதேன். என்னைய ஒருக்காத் திரும்பிப் பாத்தாங்க. அப்பறந்தானுங்க எறங்குனாங்க.”

இத்தனை வருஷத்தில் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவர விதவிதமான எஞ்சின்களைப் பூட்டிவிட்டேன், இறங்கப் போகிறவனை மேலேயே நிறுத்தி வைக்க மட்டும் எந்தப் பட்டறையும் இன்னும் ஒன்று செய்து தரவில்லை.