வாழைத்தண்டில் நின்ற ரவை

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். பேனாவை எடுக்கும்போதெல்லாம் என் மனைவியின் அக்காள் முகம் முன்னே வந்து நிற்கும். தாயில்லாத என் மகளை வளர்த்து ஆளாக்கியவள் அவள். அவள் இருக்கும்வரை அவள் புருஷனைப் பற்றி ஒரு வரியும் என் கையால் வரக்கூடாது என்றிருந்தேன். போன தையில் அவளும் போய்ச் சேர்ந்தாள். நான் அதிகம் படித்தவனில்லை. ரங்கூன் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை எண்ணிப் பிழைத்தவன். காலையில் திருநீறு பூசி முருகனைக் கும்பிடாமல் வாசல் தாண்டியதில்லை. அவன் அறிய இதை எழுதுகிறேன்.

என் சகலை ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், ஓர் அரிசி மில்லில் கணக்கெழுதும் கிராணி. நெல் களத்தில் இறங்கும் புறாக்களை விரட்ட மில்லில் ஒரு காற்றுத் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். குழல் சிறியது, ஒன்றாம் நம்பர். அதே மில்லில் இயந்திரம் பார்க்கும் பிட்டரிடம் சொந்தமாக இரண்டாம் நம்பர் ஒன்று இருந்தது. அதன் ரவைக் குண்டு பருமன், கனமும் அதிகம். இந்த இரண்டில் எது மேல் என்பதுதான் அவர்கள் இருவருக்கும் வேதமும் புராணமும். தீபாவளியன்றுகூட அதைத்தான் பேசினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போயிருந்தபோது வழக்கைத் தீர்த்துவிடுவதென்று பட்டை உரித்த வாழைத்தண்டைக் கொல்லையில் நட்டுச் சுட்டார்கள். சகலையின் ரவை தண்டைத் துளைத்து அந்தப் பக்கம் போய்விட்டது. துளை ஊசி போட்டது போல இருந்தது. பிட்டரின் ரவை உள்ளேயே நின்றுவிட்டது. தண்டைப் பிளந்து பார்த்தால், ரவை நின்ற இடத்தைச் சுற்றிக் கூழாகியிருந்தது. சகலைக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தீரா, நம்மது ஊடுருவிப் போவுது. உம்மது நடுவழியில படுத்துக்கிச்சு” என்றார்.

பிட்டர் விடவில்லை. “போயி என்ன புண்ணியம், கிராணியாரே? வந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போற விருந்தாளி மாதிரிப் போவுது.”

சகலையின் துப்பாக்கிக்குப் புதுச் சுருள்வில் போட்டிருந்தது. அதனால் ரவை வேகமாகவும் நேராகவும் தூரம் போகும். பிட்டருடையது சற்றுத் தூரம் போனதும் தலை கவிழ்ந்துவிடும். கிட்டே போய்ச் சுட வேண்டும். இவ்வளவையும் என் மனைவி அடுப்படி நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இழுப்பு நோய். நாலு வார்த்தை பேசினால் இரண்டு மூச்சு வாங்குவாள்.

அந்தப் பங்குனியில் இழுப்பு மோசமாகி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். வைத்தியர் வந்து, பழந்தின்னி வௌவாலின் கறியை மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தால் மழைக்காலத்தைத் தாண்டிவிடுவாள் என்றார். கார்த்திகை விரதம் தவறாதவள் என் மனைவி. கறி மீன் தொட்டதில்லை. முடியவே முடியாது என்றாள். அவள் அக்காள் சகலையோடு வந்து காலைப் பிடித்து அழுதபிறகு இறங்கி வந்தாள். ஆனால் சகலையிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டாள்.

“அது துடிக்கக் கூடாது, அத்தான். ஒரே அடியில போயிடணும். அந்தப் பெரிய ரவை உள்ளேயே நிக்குதே, அதால சுடுங்க. அப்படின்னா சாப்பிடுறேன்.”

சகலை சரி என்று தலையாட்டினார். பிட்டரும் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவளுக்காகக் கேட்டதென்றதும் ஒரு கேலிகூடப் பேசவில்லை அந்த மனிதர்.

மறு சனிக்கிழமை சம்பான் படகில் அக்கரை போனேன். சகலை தோளில் ஒன்றாம் நம்பர்தான் தொங்கியது. நான் நினைவுபடுத்தினேன். “பொம்பளை பேச்சைக் கேட்டு அவன்கிட்டப் போயி நான் கை நீட்டணுமா? நீ வா தம்பி” என்றார்.

டாலாவில் பொங்கிகள் என்கிற புத்த பிட்சுகளின் மடத்து மரங்களில்தான் வௌவால்கள் பகலெல்லாம் தொங்கும். மடத்து எல்லைக்குள் எந்த உயிரையும் தொடக்கூடாது. அவை பொழுது சாய்ந்ததும் இரை தேடி வெளியே வரும். வயல் ஓரத்து அத்திமரத்தடியில் நின்றால் தலைக்கு மேலேயே வந்து இறங்கும். அங்கே போகலாம் என்றேன். கிட்டே நின்று சுடுவது சின்னப் பிள்ளைகள் வேலை என்று சொல்லி, வரப்பில் தூரத்திலேயே நின்றுகொண்டார்.

முதல் அடி பட்டது. பட்ட சத்தம் எனக்கே கேட்டது. வௌவால் விழவில்லை; ஒரு பக்கமாகச் சரிந்து, வந்த வழியே மடத்து மரத்துக்குத் திரும்பிப் போயிற்று. அடுத்ததற்கு இறக்கை கிழிந்தது. தரையில் விழுந்து புரண்டு கத்தியது. சகலை துப்பாக்கிக் கட்டையால் அடித்து அடக்கினார்.

இரவு அங்கேயே தங்கினேன். காலையில் படகுத்துறைக்கு இருவரும் போகும் வழியில், மடத்து வாசலில் நின்ற வயசான பொங்கி எங்களைக் கைகாட்டி அழைத்தார். கோபமில்லை. மேலே காட்டினார். ஒரு கிளையில் அந்த வௌவால் பாதி விரித்த இறக்கையோடு தொங்கியது. மார்பு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. என் மனைவி தலையணைகளில் சாய்ந்திருக்கும்போது அவள் மார்பு அப்படித்தான் ஏறி இறங்கும்.

“உயிர் போக இன்னும் நேரமாகும்” என்று பர்மாப் பேச்சில் சொல்லிவிட்டுப் பொங்கி உள்ளே போனார்.

கறியை அக்காளே வறுத்துத் தூக்குச்சட்டியில் கொடுத்திருந்தாள். புகழைத் தானே கொண்டுபோய் வாங்க வேண்டுமென்று சகலையும் என்னோடு ரங்கூனுக்கு வந்தார். படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். “ஒரே அடிம்மா. மூச்சுக்கூட விடல அது.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“என்னங்க, எந்தத் துப்பாக்கி?”

“ஒன்றாம் நம்பர்” என்றேன்.

வாழைத்தண்டை அவளும் பார்த்தவள்தானே. சட்டியை மூடித் தள்ளி வைத்தாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்: “அத்தான் பசியோட வந்திருப்பாங்க. அவங்களுக்குச் சோறு போட்டு இதையும் வைங்க.”

வைத்தேன். அவர் சாப்பிட்டார். மிளகு தூக்கலாக இருந்தாலும் பக்குவம் நன்றாக வந்திருக்கிறது என்றார்.

வேறு வௌவால் சுட்டு வருவதாகப் பிட்டர் சொல்லியனுப்பினார். இனி எதற்கும் சம்மதமில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். ஆடி மழையில் அவள் மூச்சு நின்றது. கறி தின்றிருந்தால் பிழைத்திருப்பாளா என்பது முருகனுக்குத் தெரியும். நான் அதைப் பேசவில்லை. உயிர் பிழைக்கக் கறி தின்னச் சம்மதித்தவள் ஒன்றே ஒன்று கேட்டாள். கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் எண்ணெய் போட்டுத் தயாராக இருந்தது.

கருமாதிப் பந்தலிலேயே சகலை கதையைத் தொடங்கிவிட்டார். அவள் கேட்டபடி இரண்டாம் நம்பரால் ஒரே அடியில் தான் வீழ்த்தினதாகவும், நான்தான் பக்தி முற்றிக் கறியைச் சாக்கடையில் கொட்டினதாகவும். கிட்டங்கியில் ஆட்கள் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். நான் வாய் திறக்கவில்லை. என் மகள் அவர் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தாள். அவள் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், நான் யாரென்று தெரியாமல், என்னிடமே அந்தக் கதையைச் சொன்னார். “பூசை பூசைன்னு பொண்டாட்டியை வாரிக் குடுத்தான் ஒருத்தன்” என்றார். அவர் கதையில் வௌவால் இரண்டாகியிருந்தது. நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

படிக்கிற புண்ணியவான்களே, இதை யாருக்காவது சொல்வதானால் இருக்கிறபடியே சொல்லுங்கள். எனக்கு இரக்கப்பட்டு ஒரு சொல் கூட்ட வேண்டாம்; போனவர் மேல் பழி வேண்டாமென்று ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம். பொங்கி சொன்னதை அப்படியே சொல்லுங்கள். அவள் கேட்டது பெரிய ரவை. சுட்டது ஒன்றாம் நம்பர். அந்த நம்பரை மாற்றிவிடாதீர்கள்.