மட்டாஞ்சேரி என்ற பாசி

பெரிய சாரின் கைக்குட்டைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி, அத்தர் வாசனை. புதுப் பாசி கிடைத்த இடத்தைப் பார்க்க வந்தவர், மட்டாஞ்சேரி படகுத்துறையில் காரைவிட்டு இறங்கும்போதே அதை மூக்கில் வைத்தார். திரும்பக் காரில் ஏறும்வரை எடுக்கவில்லை. துறைக்குப் பின்னால் கொச்சங்காடியில்தான் என் வீடு. எழுபதுகளில் கடல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை எனக்கு; பெரிய சார் அதன் தலைவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் நான் கழுவிய குப்பியில் கறை இருந்தது என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

நாற்றம் பொய்யில்லை. இறால் உரிக்கும் கொட்டகைகளின் கழிவெல்லாம் அங்கேதான் விழும். மழை ஓய்ந்து வெயில் கண்டால் தண்ணீர் மேல் பழுப்பாக, சளி போல ஒன்று படியும். எங்கள் கூடத்தில் பாசி ஆராய்ந்த மேடம் அதைத்தான் மெல்லிய வலையில் அரித்து எடுத்து வருவார். ஆலப்புழைக்காரி, என்னைவிட இளையவர். அமிலத்தில் கொதிக்கவைத்தால் அந்தச் சளியின் சதையெல்லாம் கரைந்து, பாசியின் கண்ணாடி போன்ற ஓடு மட்டும் மிஞ்சும். அந்த ஆவியில் எனக்குக் குடல் புரளும். மேடத்தின் விரல்நுனிகள் எப்போதும் மஞ்சளாகவே கிடந்தன.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். கண்ணாடியில் செய்த வள்ளம், சிறு படகு போல ஒன்று, உடம்பெல்லாம் வரி, இரண்டு முனையிலும் கொக்கி. வரியையும் கொக்கியையும் வைத்துத்தான் இனம் பிரிப்பார்களாம். மாதக்கணக்கில் புத்தகப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தும் இப்படிக் கொக்கி எதிலும் இல்லை.

“இது புதுசாக்கும் சேச்சி. உங்க ஊருப் பேருதான் வைக்கப் போறேன்.”

தெருக்குழாயில் அதைச் சொல்லாமல் இருப்பேனா? “நம்ம ஊரு நாத்தத்துக்கு இங்கிலீஷ்ல பேரு வருதாம்டி!” என்று பெண்கள் சிரித்தார்கள். அச்சில் வரட்டும், வாயை மூடுவார்கள் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன்.

அதற்குப் பிறகுதான் பெரிய சார் துறைக்கு வந்தது. கூடத்துக்குத் திரும்பியதும் கைக்குட்டையை மேசையில் எறிந்தார். “மட்டாஞ்சேரியா? அய்யே! அந்தப் பேரு வேண்டா. கட்டுரையே நாறும்.” தன்னை வெளிநாட்டுக்கு அழைக்கவிருந்த பேராசிரியர் ஒருவரின் பெயரை வைத்தார். கண்டுபிடித்தவர் வரிசையில் தன் பெயர் முதலில், மேடத்தின் பெயர் அடுத்து. மேடம் தலையாட்டினார்.

அச்சில் ஏறிவிட்டால் பெயரை மாற்றவே முடியாதாம். “விடுங்க சேச்சி, தனக்கு எந்தாணு பேருன்னு அதுக்குத் தெரியவா போகுது?” என்று மேடம் சிரித்தார். அமில ஆவிகூட என்னை அப்படிக் குமட்டியதில்லை. அதற்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியுமே. குழாயடியில் நிற்கப்போவது நான்தானே.

மேசையில் கிடந்த கைக்குட்டையைத் துவைத்து வைக்கச் சொன்னார்கள். அமிலக் குப்பி தூக்கும் இடுக்கியால் அதைப் பிடித்துக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். கையால் தொட மனம் வரவில்லை.

இப்போது அந்தத் துறையில் சுற்றுலாக்காரர்கள் இறங்குகிறார்கள். இறங்கும்போதே கைக்குட்டையை எடுக்கிறார்கள். மழை ஓய்ந்தபின் படிக்கட்டில் நின்று அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பார்ப்பேன். மூக்கைப் பொத்தமாட்டேன். “என்னடி மட்டாஞ்சேரி, சுகந்தானா?” என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவேன்.