ஏழாம் மருந்தும் காளியாயியின் ரத்தமும்

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு கிராமத்துக் காளியாயி, எஸ்டேட் வேலைக்குப் போகச் சொன்ன பெரியப்பனை எதிர்த்து நின்று பத்தாவது எழுதினாள். கணக்கில் ஒருமுறை கோட்டை விட்டு, மறுமுறை தேறினாள். பிறகு சேலத்தில் லேப் படிப்பு. அந்த ஊரிலிருந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த முதல் பெண் அவள்தான். இவ்வளவையும் வென்றவளுக்கு ஏற்காட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் ஆராய்ச்சி அறையில் கிடைத்த வேலை மட்டும் நிரந்தரமில்லை. மருந்து பலித்தால்தான் அந்த அறை திறந்திருக்கும்.

மலேரியாக் கிருமி தன் மேலுள்ள புரதத்தால் ரத்த அணுவின் புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. அந்தப் பிடியைத் தடுக்கும் மருந்தைத் தேடினார் டாக்டர் கிறிஸ்துதாஸ். ஆறு மருந்துகள் தோற்றன. ஏழாவதன் சோதனையில், பாட்டிலில் இருந்த ரத்தம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்து சேர்க்காமல் வைத்த கிண்ணங்களோடு தீர்ந்துவிட்டது. மருந்துக் கிண்ணங்களுக்குக் காளியாயி தன் ரத்தத்தையே கொடுத்தாள். எல்லாவற்றிலும் கிருமியைக் கலந்து கண்ணாடி ஜாடிக்குள் அடுக்கி, அது வளர ஆக்சிஜன் குறைய வேண்டும் என்பதால் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி மூடினாள்.

திறந்து பார்த்தபோது மருந்துக் கிண்ணங்களில் கிருமியே இல்லை. மற்றவற்றில் மொய்த்துக் கிடந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் தரும் பெங்களூர்க்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்ல டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

நர்ஸ் சாந்தாமேரி சிரித்தாள். "திருவிழாவுல காய்ச்சலோட கெடந்தவ ரத்தமாச்சே கண்ணு! கிருமி பயந்தோடியிருக்கும்."

காளியாயி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனபோது வந்த காய்ச்சல் அது. வீடு வீடாக வரும் அரசாங்க மலேரியாக்காரர் கொடுத்த மாத்திரைகளை அக்கா ராசம்மாள் விழுங்க வைத்தாள். அந்த மாத்திரை வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். கிருமியை ஒழித்தது ஏழாம் மருந்தா, அக்கா கொடுத்த மாத்திரையா?

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஓடினாள்.

"டாக்டர், ஏறாதீங்க! என்ற ரத்தத்துல மலேரியா மாத்திரை இருக்குதுங்க. ஊட்டுக்குப் போனப்ப தின்னேனுங்க."

"ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டியாம்மா?"

"தோணலைங்க. தப்பு என்றதுதானுங்க."

பஸ் போய்விட்டது. டாக்டர் ஏறவில்லை.

இருவரும் உள்ளே வந்ததும் சாந்தாமேரி கையை நீட்டினாள். "என்றத எடு. மாத்திரைன்னாலே நான் நொம்ப தூரம் ஓடறவ."

இம்முறை இரண்டு வகைக் கிண்ணங்களுக்கும் அவள் ரத்தம்தான். ஜாடியைத் திறந்த அன்று காளியாயி ரத்தம் தடவிய ஒவ்வொரு கண்ணாடித் துண்டையும் இரண்டு தடவை பார்த்தாள். மருந்துக் கிண்ணங்களிலும் மற்றவற்றிலும் கிருமி ஒரே மொய்ப்பு.

டாக்டரும் குனிந்து பார்த்தார். அதுவரை தாம் மட்டுமே கையெழுத்திட்டு வந்த சோதனை ஏட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பாத்தது நீ. நீயே எழுதிக் கையெழுத்துப் போடு."

ஏழாம் மருந்து பிடியைத் தடுக்கவில்லை என்று எழுதி, கீழே முதன்முதலாகத் தன் பெயரைப் போட்டாள்: காளியாயி, 14.6.1991.