நாற்பத்திரண்டு எட்டுச் சந்து

ஃபக்ருன்னிசா வென்றவை இவை. மூன்றடி அகலமும், நடந்தால் நாற்பத்திரண்டு எட்டு நீளமும் உள்ள ஒரு சந்து. அதிலிருக்கும் ஒன்பது வாசல்கள். ஏழு வீட்டாரின் கைநாட்டை வாங்கிக்கொண்டு போன ஒரு காகிதம். நான்காம் வாசல் நீலாம்பாளின் வாய். எல்லாவற்றையும்விடக் கடினமானது, அவளுடைய அண்ணன் அப்துல் ரவூபின் சந்தேகம். பள்ளிக்கூடத்தை ஒரு நாள்கூட மிதிக்காதவள் இத்தனையும் வென்றாள்.

1988-இல் ரங்கூனில் பள்ளிகளை மூடியபோது அவளுக்கு ஆறு வயது. திறந்தபோது உம்மா படுக்கையில் கிடந்தாள். உம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டபடியே அவள் சந்தின் கதையைக் கேட்டு வளர்ந்தாள். முதல் வாசலில் கப்பல் கயிறு விற்ற நாகூர்க்காரர். மூன்றாம் வாசலில் துறைமுகக் கூலிகள் பதினெட்டுப் பேர் முறைபோட்டுத் தூங்கிய ஒற்றை அறை. ஜப்பான் சண்டைக் காலத்தில் எல்லாரும் இந்தியாவுக்குக் கால்நடையாகப் புறப்பட்டபோது, திரும்பி வருவோம் என்று பூட்டாமலே விட்டுப்போன ஐந்தாம் வாசல். திருப்பிச் சொல்லும்போது ஒரு வார்த்தை மாறினாலும் உம்மா முதலிலிருந்து தொடங்கச் சொல்வாள்.

ரவூப் நான்காம் வகுப்புவரை படித்தவன். சந்தின் முகப்பில் உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்தான். புது முகம் யார் உள்ளே போனாலும் மணி பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவிடுவான்.

2004 ஜூன் முதல் தேதி அவன் குடைக்கம்பி வாங்க இன்சீனுக்கு ரயிலேறிப் போயிருந்தான். அன்றைக்கென்று பார்த்துத் தின்கன்ஜூன் பேட்டையிலிருந்து வீட்டுத் தரகர் செல்லக்கண்ணு வந்தார். சாக்கடையைச் செப்பனிடக் காகிதம் வந்திருக்கிறது என்று வாசல் வாசலாகப் படித்துக் காட்டினார். வார்டு ஆபீஸ் காகிதம் என்றால் கேள்வி கேட்காமல் கட்டைவிரலை நீட்டுவது சந்தின் வழக்கம். ஏழு வாசல் நீட்டியது. எட்டாம் வாசல் பூட்டியிருந்தது. ஒன்பதாம் வாசலில் ஃபக்ருன்னிசா, "காக்கா வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மறுநாள் ரவூப் இருக்கும்போதே தரகர் வந்தார்.

"இன்னொரு தடவை படிங்க, கோ செல்லக்கண்ணு" என்றாள் ஃபக்ருன்னிசா, பர்மிய மரியாதைக்கு ஒரு 'கோ' சேர்த்து.

அவர் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே பர்மிய மொழியில் படித்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"நேத்து சாக்கடை மூடக் கல்பலகை பன்னெண்டுன்னு படிச்சீங்க. இன்னைக்குப் பதினாலு. காயிதம் குட்டி போட்டுச்சா?"

"வாய் தவறிடுச்சும்மா."

"நேத்து சாக்கடைக்கு அப்புறம் குழாய் வந்துச்சு. இன்னைக்குக் குழாயையே காணோமே!"

ரவூப் காகிதத்தைப் பிடுங்கினான். ஆபீஸ் பர்மிய மொழி; எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தான். சாக்கடை என்ற சொல்லே அதில் இல்லை. இருந்தது இதுதான்: இந்தச் சந்து முன்கட்டடத்தின் கொல்லை. இங்கே குடியிருக்கும் நாங்கள் அந்தக் கட்டட உரிமையாளரின் தயவில் இருக்கிறோம். கேட்டால் காலி செய்வோம். கீழே ஏழு ரேகைகள். தரகர் காகிதத்தைப் பறித்துக்கொண்டு நடந்தார்.

அண்ணனும் தங்கையும் வார்டு ஆபீஸுக்கு ஓடினார்கள். அதிகாரி மறுப்பு மனு எழுதித் தந்தார். "முதல் நாள் பொய்யாப் படிச்சதைக் கேட்டும் ரேகை வைக்காதது இந்தப் பொண்ணு ஒருத்திதான். இவ கையெழுத்துப் போடணும். ரேகை வச்சா, அதையும் ஏமாத்தி வாங்கினதும்பான் தரகன். பதினாலாம் தேதிக்குள்ள வாங்க."

"அவளுக்கு எழுதத் தெரியாதே" என்றான் ரவூப்.

"அப்போ ஒம்பது வீட்டுக்கும் மூட்டை கட்டுங்க."

நீலாம்பாள் நம்பவில்லை. "நல்லா வந்த சாக்கடை வேலையக் கெடுத்துட்டா. முன்கட்டடத்தில இவளுக்கு ஒரு ரூம் பேசியிருப்பாங்க!"

அந்தச் சொல் ரவூபுக்குள்ளும் இறங்கிவிட்டது. ஐந்தாம் தேதி அவன் பென்சில் காணாமல் போனது. ஏழாம் தேதி தங்கையின் விரலிடுக்கில் கரி. ஒன்பதாம் தேதி அவள் தரகரோடு தெருமுனையில் இரண்டு நிமிடம் நின்றாள்; கேட்டதற்கு, "வழி விடச் சொன்னேன்" என்றாள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். பதினொன்றாம் தேதி தகரப்பெட்டியைத் திறந்தவனுக்கு உயிர் போய் வந்தது. வீட்டார் பெயரையெல்லாம் சர்க்கார் பதிந்து தந்த குடும்பப் பட்டியல் இல்லை. அது இல்லாவிட்டால் அந்த ஊரில் அவர்கள் யாருமே இல்லை.

"தரகன்கிட்டக் குடுத்துட்டியா?" என்று கத்திக்கொண்டே பின்பக்கம் ஓடினான்.

அவள் சாக்கடை ஓரத்தில் குந்தியிருந்தாள். பக்கத்தில் முனை ஒடிந்த அவன் பென்சில். மடியில் பட்டியல், அதில் கடைசியாக இருந்த அவள் பெயருக்கு நேராக ஒரு ஈர்க்குச்சி. எதிரே சாக்கடையை மூடிய கல்பலகை முழுக்கக் கரியால் அதே பெயர். சில இடத்தில் கோணல், சில இடத்தில் தலைகீழ், கடைசி வரிசையில் பட்டியலில் இருந்தபடியே.

"என்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லித் தந்திருப்பேன்ல?"

"நீ சொல்லித் தந்தா உன் கையெழுத்தாயிரும் காக்கா. இது என் பேரு."

ரவூப் குறிப்பேட்டை எடுத்து, ஐந்திலிருந்து பதினொன்று வரை எழுதியதை ஒவ்வொரு வரியாக அடித்தான்.

குறித்த நாளில் ஒன்பது வாசலும் வார்டு ஆபீஸில் நின்றது. தரகரும் காகிதத்தோடு வந்திருந்தார். ஃபக்ருன்னிசா பேனாவை வாங்கி, கரித்துண்டைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். எழுதி முடிக்கும்வரை நீலாம்பாள்கூட இருமவில்லை. அதிகாரி மனுவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தரகரின் காகிதத்தில் ஏழு ரேகைக்கும் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார்.

ரவூப் வெளியே வந்ததும் மணி பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினான்: தங்கை ஃபக்ருன்னிசா முதல் கையெழுத்து, காலை பத்து இருபது, திங்கட்கிழமை, 2004 ஜூன் 14.