பெரியம்மாவின் கோவாப் பாத்தி

அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. போகும்போது என்னைப் பெரியம்மாவிடமும், மரக்கறி போடும் நிலத் துண்டை அப்பாவிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆளை மாற்றி ஒப்படைத்திருந்தால் இரண்டுமே இன்னும் நன்றாக வளர்ந்திருக்கும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

பெரியம்மா என்றால் அப்பாவுடைய அண்ணன் மனைவி, அம்மாவுக்கு அக்கா முறை. எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்தார். பெரியப்பாவும் அண்ணன்மாரும் கொழும்பில் கடைகளில் வேலை பார்த்ததால் வீட்டில் அவரும் ஒரு பசுமாடும்தான். எனக்குத் தலை வாரிவிடுவது, சோறு போடுவது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது எல்லாம் அவர்தான். என்னைக் கண்ணை மூடிக்கொண்டு அவரிடம் விட்டுப்போன அம்மா, ஒரு பாத்தியை அவரிடம் விட மனம் வராமல் போனதற்குக் காரணம் இருந்தது.

ஒட்டி ஒட்டிக் கட்டிய காம்பராக்களின் வரிசையான எங்கள் லயம், இறம்பொடையிலிருந்து மேலே ஏறும் பாதையில் ஒரு சரிவில் இருக்கிறது. லயத்தின் பின்பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. மாலையில் பீலியடியில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பேச்செல்லாம் அந்தத் துண்டுகளைப் பற்றியதாகத்தான் இருக்கும். அடுத்து யார் என்ன போடப்போகிறார்கள், யாருடைய லீக்ஸ் மஞ்சளடிக்கிறது, யார் வீட்டுக் கரட் மண்ணுக்குள்ளேயே வெடித்துவிட்டது என்று குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் பேசுவார்கள். அம்மாவின் துண்டும் பெரியம்மாவின் துண்டும் அடுத்தடுத்து இருந்தன. நடுவே மழைத்தண்ணீர் ஓடுவதற்கு ஒரு கான். அந்தக் கானைத் தன் பக்கம் தள்ளி வெட்டிவிட்டது பெரியம்மாதான் என்று அம்மாவும், இல்லை அம்மாதான் தள்ளினார் என்று பெரியம்மாவும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சண்டை வீட்டுக்குள் வராது. துண்டுக்குப் போனால்தான் வரும். கோவாவை, அதாவது முட்டைக்கோசை, நெருக்கி நட வேண்டும் என்பார் பெரியம்மா. இடம் விட்டு நட வேண்டும் என்பார் அம்மா. ஒருவர் சொன்னதை மற்றவர் செய்ததாகச் சரித்திரம் இல்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். எங்களுக்கு அது சாயங்கால நேரம். லயத்துக்குள் சிக்னல் சரியாக வராது, பின்பக்கம் ஏறினால்தான் வரும். அதனால் அம்மாவுடன் வீடியோவில் பேசுவது எப்போதும் துண்டில் நின்றுதான். அப்பா பேச்சில் சுருக்கமானவர். "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் தந்துவிடுவார். நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்தி பாத்தியாக நடப்பேன். முதலில் என் முகம், பிறகு கோவா, பிறகு லீக்ஸ். என் முகத்தைவிடக் கோவாவைத்தான் அம்மா அதிக நேரம் பார்ப்பார் என்று எனக்கு ஒரு குறை உண்டு.

அம்மாவுடன் அதே வீட்டில் வேலை செய்த ஒரு சிங்கள அக்காவும் சில நாள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பார். வெலிமடைக்காரர். அவர் வீட்டிலும் ஒரு துண்டு இருந்ததாம், அதை அவருடைய அம்மா பார்த்துக்கொண்டாராம். எங்கள் துண்டைப் பார்த்து, ரொம்ப அழகு என்று சிங்களத்தில், "ஹரி லஸ்ஸனாய்" என்பார். பிறகு தன் போனில் வந்த படத்தை அம்மாவுக்குக் காட்டுவார். குளிரூட்டிய ஒரு சமையலறையில் நின்றுகொண்டு, இரண்டு பேரும் சாம்பல் தூவினால் புழு போகுமா போகாதா என்று சிங்களத்தில் வாதாடுவது எங்களுக்குக் கேட்கும். அந்த நேரத்தில் அம்மாவின் குரல் பீலியடியில் கேட்கிற குரல் மாதிரியே இருக்கும்.

அந்த வருடம் கோவா நன்றாகத் திரண்டிருந்தது. அப்பாவுக்கே ஆச்சரியம். இன்னும் சில வாரத்தில் வெட்டிவிடலாம் என்று அம்மா சொல்லியிருந்தார். அந்த நிலையில்தான் ஒரு வியாழக்கிழமை பெரியம்மாவின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் துண்டுக்குள் போய்விட்டது. அப்பா தேயிலை பெக்டரியில், பெரியம்மா மலையில் கொழுந்து எடுக்கப் போயிருந்தார், நான் பள்ளிக்கூடத்தில். மாட்டை அவசரப்படுத்த யாரும் இல்லை. நாங்கள் வந்து பார்த்தபோது கோவா இருந்த இடத்தில் கட்டைகளும் குளம்புத் தடங்களும் இருந்தன. லீக்ஸ் மிதிபட்டுக் கிடந்தது. மாடு வேலியோரம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

பெரியம்மா கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றார். அவர் மாட்டைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அப்பா குனிந்து ஒரு கட்டையை ஆட்டிப் பார்த்தார், அது இனி எதற்கும் ஆகாது என்று தெரிந்தும்.

அன்று இரவு சாப்பிடும்போது பெரியம்மா கேட்டார். "நாளைக்கு தங்கச்சி போன்ல வருமே தம்பி. என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்தத சொல்ல வேண்டியதுதான் அண்ணி."

"போன வாரமே அதுக்கு மொகம் சரியில்ல. அந்த வீட்டுல லீவு குடுக்க மாட்டேன்னுட்டாங்களாம். இன்னும் ஒரு வருசம் இருக்கணும்னு அழுதுச்சு. இப்ப போயி இத சொல்லணுமா? அதுவும் என் மாடுன்னு."

அப்பா சோற்றைப் பிசைந்தார். பெரியம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"என் துண்ட காட்டுங்க."

பெரியம்மாவின் துண்டிலும் கோவாதான். எங்களுடையதைப் போலவே திரண்டிருந்தது, நெருக்கி நட்டதால் கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். அம்மாவுக்கு அடையாளம் தெரியக்கூடாது என்று, வேலியில் அவர் கட்டியிருந்த பழைய நீலச் சேலையை மறுநாள் அவிழ்த்து எடுத்துவிட்டார். அந்தத் துண்டுக்கு மேல்பக்கம்தான் லயத்துத் தண்ணீர்த் தொட்டி, தாங்கி என்போம், இருந்தது. அது தெரியாதபடி போனைக் கீழ்ப்பார்வையாகப் பிடிக்க வேண்டும் என்று அப்பா எனக்குச் சொல்லித்தந்தார். எனக்கு அளவில்லாத சந்தோசம். பெரியவர்கள் சேர்ந்து ஒரு பொய் சொல்கிறார்கள், அதில் முக்கியமான வேலை என்னுடையது.

போன் வந்தது. அம்மாவின் முகம் வாடித்தான் இருந்தது. நான் பெரியம்மாவின் கோவாவுக்கு மேலே போனை மெதுவாக நகர்த்தினேன். அம்மாவின் முகம் திரையில் கிட்டே வந்து அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"பாப்பா, கொஞ்சம் மேல தூக்கு."

அம்மா சொன்னால் செய்துதான் பழக்கம். தூக்கினேன்.

"இன்னும் கொஞ்சம்."

அப்பா பின்னாலிருந்து என் தோளைக் கிள்ளினார். சட்டென்று இறக்கிவிட்டேன். தாங்கி தெரிந்திருக்காது என்று எனக்கு உறுதி.

"கோவா நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா. "நல்லா பாத்திருக்கீங்க. என்னங்க, அக்காவோட துண்டு எப்படி இருக்கு? அதையும் காட்டச் சொல்லுங்களேன்."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா சரி என்று தலையை ஆட்டினார். வேறு வழி இல்லாமல் நான் கானைத் தாண்டி எங்கள் துண்டுக்குள் இறங்கி, கட்டைகளையும் குளம்புத் தடங்களையும் காட்டினேன்.

அம்மா அதை நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொரு பாத்தியாகக் காட்டச் சொன்னார். லீக்ஸில் ஏதாவது தப்பியிருக்கிறதா என்று கேட்டார். ஓரத்தில் கொஞ்சம் தப்பியிருந்தது, அதையும் கிட்டே பிடித்துக் காட்டினேன்.

"மாடா?" என்றார்.

"ஆமா" என்றார் அப்பா.

"யாரு மாடு?"

அதுவரை போனில் படாமல் ஒதுங்கி நின்ற பெரியம்மா முன்னால் வந்தார். "என் மாடுதான் தங்கச்சி. கயித்த அத்துக்கிட்டு பூந்துருச்சு. பழைய கயிறு. நாந்தான் பாத்து மாத்தியிருக்கணும். மாத்தாம விட்டுட்டேன்."

சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நான் வியந்துபோனேன். பெரியம்மா இவ்வளவு நன்றாக நடிப்பார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய மாடு அவருடைய துண்டை மேய்ந்ததற்கு யாராவது இப்படிக் கலங்குவார்களா?

"விடுங்கக்கா" என்றார் அம்மா. "மாட்டுக்கு என்ன தெரியும்? கண்ணுல பட்டத தின்னுருச்சு. நீங்க அழாதீங்க." பிறகு குரல் மாறியது. "இனிமே அதுல கோவா வேணாம்க்கா. நல்லா கொத்திப் போட்டு, அந்த மாட்டுச் சாணியவே எருவாப் போட்டு, போஞ்சி போடுங்க. குச்சிய எட்டி எட்டி நடுங்க. ஒங்க வழக்கப்படி நெருக்கி நட்டுறாதீங்க."

"சரி தங்கச்சி" என்றார் பெரியம்மா.

இதையும் நான் என் காதால் கேட்டேன். அம்மா சொன்னதற்குப் பெரியம்மா சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"என்னங்க" என்றார் அம்மா அப்பாவிடம். "அக்கா பாவம். நம்ம கோவாவுல பாதிய அவங்களுக்குக் குடுத்துருங்க."

அப்பா "குடுத்துர்றேன்" என்றார். பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. பொய் பலித்த சந்தோசத்தில் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

சில வாரம் கழித்துக் கோவா வெட்டினார்கள். பெரியம்மா நல்ல கோவாவாகப் பார்த்துப் பாதியை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார். அப்பா வேண்டாம் என்றார்.

"பாதின்னு அது சொல்லிருச்சுல்ல. நீங்க யாரு மாத்துறதுக்கு?" என்றார் பெரியம்மா.

மலையிலிருந்து வந்த கையோடு அவரே எங்கள் துண்டைக் கொத்தினார். அப்பா மண்வெட்டியுடன் போனால், கொடுத்துவிட்டுப் போங்கள் என்று வாங்கிக்கொள்வார். சாணியைச் சுமந்து வந்து போட்டார். போஞ்சி போட்டார், பீன்ஸ் கொடிதான். குச்சி நடும்போது மட்டும் கை தானாக நெருக்கமாகப் போகும். நட்டதைப் பிடுங்கித் தள்ளி நடுவார், முணுமுணுத்துக்கொண்டே. மாட்டுக்கு ஊரே கேட்கிற மாதிரி மணி வைத்த ஒரு புதுக் கயிறு வந்தது.

வெள்ளிக்கிழமைகள் அதன்பிறகு எனக்குப் பெரிய விளையாட்டாகிவிட்டன. "நம்ம துண்ட காட்டு" என்று அம்மா சொன்னால் பெரியம்மாவுடையதைக் காட்டுவேன். "அக்காவோட போஞ்சி எப்படி?" என்று கேட்டால் எங்களுடையதைக் காட்டுவேன். ஒருநாள்கூட எனக்குத் தவறியதில்லை. போஞ்சி கொடி விட்டது, பூத்தது, அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வெலிமடை அக்காவைக் கூப்பிட்டு அதைத்தான் காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரியின் போஞ்சிமீது அம்மாவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இன்ன பாத்தியில் இனி பீட்ரூட் போடச் சொல்லு, அந்த மூலையில் தண்ணீர் தேங்குமே, ஒரு வழி வெட்டிவிடச் சொல்லு என்று பெரியம்மாவுக்கு யோசனைகள் வந்தபடி இருந்தன. பெரியம்மாவும் எல்லாவற்றையும் செய்தார். திருப்பி அவரும் சொல்வார்: "ஒன் கோவாவுக்கு எடம் பத்தல தங்கச்சி, அடுத்த தடவ கொஞ்சம் தள்ளி நடச் சொல்லு." இரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மா சிரிப்பதால் அப்பாவும் சிரிப்பார். அப்பா பேசுவதுகூட முன்பைவிடக் கொஞ்சம் நீண்டது.

ஒரு வருடம் கழித்து அம்மா வந்தார். போஞ்சி மறுபடியும் காய்த்திருந்த சமயம். விமான நிலையத்திலிருந்து வந்த வேன் லயத்துக்குக் கீழே நின்றது. அம்மா கொஞ்சம் வெளுத்திருந்தார், நான் நிறைய வளர்ந்திருந்தேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. லயத்தில் எல்லோரும் வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். பெரியம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்து முடித்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் நடந்தார்.

எனக்கு அப்போதுதான் திக்கென்றது. இவ்வளவு நாள் கட்டிக் காத்த பொய், இதோ வெளிவரப்போகிறது. அம்மா நேரே தண்ணீர்த் தாங்கியின் கீழே இருக்கிற துண்டுக்குப் போய், இதுதானே நம்முடையது என்பார். இல்லை என்று யார் சொல்வது? அப்பாவையும் பெரியம்மாவையும் பார்த்தேன். அவர்கள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

அம்மா தாங்கிப் பக்கம் திரும்பவே இல்லை. போஞ்சி இருந்த துண்டுக்குள் இறங்கினார். பாத்திக்கு நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளினார். குனிந்து கொஞ்சம் மண்ணைக் கையில் எடுத்து, உதிர்த்து, மறுபடியும் எடுத்தார். பெரியம்மா கானுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"குச்சி நெருக்கமாத்தான் இருக்கு" என்றார் அம்மா.

"வந்த ஒடனயே ஆரம்பிச்சிட்டியா?" என்றார் பெரியம்மா.

அம்மா போஞ்சி பறித்து மடியில் போட ஆரம்பித்தார். பெரியம்மாவும் கானைத் தாண்டி வந்து கூடவே பறித்தார்.

நான் மெதுவாக நழுவி வீட்டுக்குள் ஓடினேன். அப்பா அம்மாவின் பெட்டியை அவிழ்க்காமல் அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். குவைத்துக்குப் போனவர்கள் வீட்டை மறந்துவிடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அது உண்மைதான் போலிருந்தது.

"அப்பா, அம்மாவுக்கு நம்ம துண்டு எதுன்னே மறந்துபோச்சு" என்று அவர் காதில் சொன்னேன். "பெரியம்மாவோடதுன்னு நெனச்சுக்கிட்டு நம்மளோடதுல நிக்கிறாங்க. நீங்க போயி ஒண்ணும் சொல்லிறாதீங்க. பாவம்."

அப்பா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

"சொல்லல" என்றார்.