ஆலப்புழைக்குப் போன மாப்பிள்ளை

அந்தமானின் லாங் ஐலண்டில் எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் போய்த்தான் நிற்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் ஓடைகள். ரேஷன் அரிசி போட்டில் வரும், தபால் போட்டில் வரும், கம்பவுண்டரும் போட்டில்தான் வருவார். அப்பேர்ப்பட்ட ஊரில் குடியிருந்த ஹெட் கிளார்க் ஜம்புலிங்கம், 1968-இல் மெயின்லாண்டு லீவு கிடைத்ததும் வாய்க்கால் பார்க்கக் கிளம்பினார்.

அவர் வேலை பார்த்த மர டிப்போவிலேயே நான் ஸ்டோர் கீப்பர். என் மனைவி கிளாராவும் ஜம்புலிங்கத்தின் மனைவி மரகதமும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். அதனால் இந்தக் கதையை ஜம்புலிங்கம் சொன்ன விதத்திலும் கேட்டிருக்கிறேன், நடந்த விதத்திலும் கேட்டிருக்கிறேன்.

ஜம்புலிங்கத்துக்குத் தீவு என்றாலே இளக்காரம். காடு, அட்டை, மழை, இதைத் தவிர இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார். போர்ட் பிளேரிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி, தான் ஆலப்புழைக்குப் போனதாகவும் அது கிழக்கு தேசத்து வெனிஸ் என்றும் டீ குடித்தபடி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நம்மவருக்குத் தூக்கம் போயிற்று. வெனிஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் பக்கத்துத் தீவிலுள்ள ரங்கத்துக்கு அப்பால் என்று கைகாட்டியிருப்பார். ஆனாலும் அங்கே படகில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து, அதை அதிகாரிக்குக் காட்டியே தீரவேண்டும்.

அதே லீவில்தான் மரகதத்தின் தங்கை ஜெயலட்சுமிக்கு நாகர்கோவிலில் கல்யாணம். தாயில்லாப் பிள்ளை. இடுப்பில் தூக்கி வளர்த்தது மரகதம்தான். அப்பா மனைவியை இழந்தவர் என்பதால், மூத்த மகளும் மருமகனும் ஜோடியாக நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. ஜோடியாக. ஒருவர் போய் ஒருவர் போகாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். இது ஜம்புலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். மரகதம் நேரே ஊருக்குப் போய்விடலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். ஆலப்புழை போகிற வழிதான், முகூர்த்தத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

கப்பலில் சென்னை, ரயிலில் கொச்சி, அங்கிருந்து போட்டில் ஆலப்புழை. இறங்கியது முதல் ஜம்புலிங்கம் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஹிந்தியில் பேசினார். தீவில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நம்மோடு ஹிந்தியில்தான் பேசுவார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். கயிற்று வியாபாரிகள் அவரை வேடிக்கை பார்த்தார்கள். நாகர்கோவில்காரியான மரகதத்துக்கு மலையாளம் நன்றாக வரும். ஆனால் அவளைப் பேசவிட்டால் கௌரவம் என்ன ஆவது?

மறுநாள் காலை போட்டில் கொல்லம் போய், ராத்திரி பஸ் பிடித்தால் விடியும்போது நாகர்கோவில். அன்றைக்கே முகூர்த்தம். அந்தப் போட்டை விட்டால் அடுத்தது இரவில்தான். பெட்டி படுக்கையோடு ஜெட்டிக்கு வந்தார்கள். ஜம்புலிங்கம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார். துறைப் படிக்கட்டில் பாசி பிடித்த படிகள் வெளியே தெரிந்தன. எங்கள் ஊரில் அப்படித் தெரிந்தால் வற்றம், கடல் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஏற்றம், தீவு ஹிந்தியில் ஜுவார், வந்து படி மூழ்கினால்தான் போட் நகரும். அதுவரை டிரைவர் பீடி குடிப்பார், ஜனங்கள் தூங்குவார்கள். லாங் ஐலண்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம் இது. வாய்க்காலுக்கு அந்தப் பாடம் தெரியாது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

"ஜுவார் இன்னும் ஏறல. அதுக்கு முன்னால போட் எங்க போவும்? நீ இங்கயே உக்காரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஒரு வள்ளத்தை அமர்த்திக்கொண்டு போட்டோக்காரரோடு போய்விட்டார்.

மரகதம் டிக்கெட் கொடுப்பவரிடம் விசாரித்தாள். ஏற்றமாவது வற்றமாவது, மணி அடித்தால் போட் புறப்படும் என்று அவர் சொன்னார். எழுந்து நின்று கணவனைக் கூப்பிட்டாள். பாலத்தின் மேல் போட்டோக்காரர் நிற்க, வள்ளத்தில் தலை வாரிக்கொண்டிருந்த ஜம்புலிங்கம், பொறு என்று கையைக் காட்டினார். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி கையைக் காட்டினார். மணி அடித்தது.

கல்யாணப் புடவை இருந்த டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அவருடைய படுக்கையை டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்தாள். போட்டில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நானாக இருந்தால் படுக்கையை வாய்க்காலில் போட்டிருப்பேன்.

போட் அவருடைய வள்ளத்தை ஒட்டித்தான் போயிற்று. அலையில் வள்ளம் ஆட, ஜம்புலிங்கம் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அரே, ரோக்கோ! மரகதம், எறங்கு!" என்று கத்தினார்.

"நீங்க ஜுவார் வந்த பொறவு வாங்க" என்றாள் அவள்.

கடலைத் தாண்ட ஆசையாம், கால்வாயைத் தாண்டக் கால் இல்லையாம் என்பார்கள். இவர் கடலைத் தாண்டிவிட்டுக் கால்வாயில் மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் போயிருக்கலாம். அதற்கு நாலு பேரிடம் வழி கேட்க வேண்டும். அவருடைய ஹிந்தியை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. இரவு போட்டுக்காக ஜெட்டியிலேயே கிடந்தார்.

அவர் நாகர்கோவில் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் வாழை மரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்களாம். மாமனார் ஒரு வார்த்தை ஏசவில்லை. சாப்பிட்டீங்களா மாப்பிளே என்று மட்டும் கேட்டார். ஜம்புலிங்கம் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே ஆலப்புழையின் அழகை வர்ணித்தார். அந்த நிலையிலும் அவருக்குச் சோறு இறங்கியது.

மரகதம் நேரத்துக்குப் போய்விட்டாள். தங்கைக்குத் தலை பின்னினாள், பூ வைத்தாள். ஆனால் ஒற்றையாளாகத் தாரை வார்க்க முடியாது. சித்தப்பாவும் சித்தியும் மணையில் உட்கார்ந்தார்கள். தான் வளர்த்த பிள்ளையின் கையை வேறொருத்தி பிடித்துக்கொடுப்பதைத் தூண் ஓரமாக நின்று பார்த்தாள். இதைக் கிளாராவிடம் சொன்னபோதுதான் அழுதாளாம். எனக்கு இன்றைக்கும் அந்த மனிதன்மேல் ஆத்திரம் ஆறவில்லை.

திரும்பி வந்த பிறகு அவர்கள் வீட்டுச் சுவரில் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. மணமக்கள் பக்கத்தில் சித்தப்பாவும் சித்தியும், வரிசையின் கடைசியில் மரகதம். ஒரு நாள் அந்தப் போர்ட் பிளேர் அதிகாரி மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். ஜம்புலிங்கம் ஆலப்புழைப் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே கடல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

மரகதம் டீயை நீட்டியபடி சொன்னாள்: "அவரு தண்ணி பாக்கப் போயிருந்தாரு."